கோதண்டராமன் சொன்னதும் செண்பகம் படித்ததும்

செண்பகம்: இரு இரு... டாக்டரம்மா எல்லாரும் சாப்பிடப் போயாச்சு, கதவச் சாத்திட்டு வர்றேன். ம். இப்பப் பேசு.

கோதண்டராமன்: செ... செருப்பு.

செண்பகம்: செருப்பா? எந்தச் செருப்பு?

கோதண்டராமன்: செருப்பால அடிப்பேன்னு சொன்னேன். நம்ம நந்தினி... அந்த டேனியலக் கூட்டினு வந்து கட்டில்கிட்ட நின்னப்ப. கண்ணு எரிய எரிய சிமிட்டி, ஒவ்வொரு எழுத்தா சொன்னேன். நீ அத இன்னான்னு படிச்ச?

செண்பகம்: நாலு வருஷம் கழிச்சு பொண்டாட்டிகிட்ட தனியாப் பேசுற... இதான் மொதப் பேச்சா?

கோதண்டராமன்: இன்னான்னு படிச்ச?

செண்பகம்: 'நல்லா இருங்க கண்ணுங்களா'ன்னு.

கோதண்டராமன்: ...கண்ணுங்களா.

செண்பகம்: அந்தப் புள்ள டேனியல் அழுதுட்டான்யா.

கோதண்டராமன்: நானும்தான் அழுதேன். ஆத்திரத்துல.

செண்பகம்: அது ஆத்திரம்னு யாருக்குத் தெரியும்? அப்பா ஆனந்தக் கண்ணீர் விடுறாருன்னு நந்தினி ஃபோட்டோ எடுத்துக்கினா. கல்யாணத்தன்னிக்கு சர்ச் வாசல்ல பெருசு பண்ணி மாட்டி வெச்சிருந்தாங்க. பாத்தவங்க எல்லாம் இப்படி ஒரு தகப்பனான்னு...

கோதண்டராமன்: சிரிக்காத.

செண்பகம்: சிரிக்காம இன்னா பண்றது? உன் குரல் அப்படி இருக்குது. காட்பாடி ஸ்டேஷன்ல 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு'ன்னு சொல்லுவானே, அவன் வந்து செருப்பால அடிப்பேன்றான்.

கோதண்டராமன்: ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பாக்கற கோபிகிட்ட சொல்லு. கம்ப்யூட்டர்ல... வேற குரல் போடச் சொல்லு.

செண்பகம்: அவன் அப்பவே கேட்டான். 'அண்ணன் பழைய குரல் எங்கயாச்சும் பதிவாகி இருந்தா குடுங்கக்கா, அதே மாதிரி பண்ணிடலாம்'னான். தேடிப் பாத்தேன். ஒண்ணே ஒண்ணு கெடச்சுது. ஃபேக்டரியில யாரோ ஃபோன்ல எடுத்தது. நீ தையல் லைன்ல நின்னு, உன் கீழ வேலை செஞ்ச ஆஃப்ரீனத் திட்டுற. அதக் குடுக்க மனசு வரல.

கோதண்டராமன்: அழிச்சிட்டியா?

செண்பகம்: ஏன் அழிக்கிறேன்? வெச்சிருக்கேன். எப்பவாச்சும் போட்டுக் கேப்பேன். திட்டுனாலும் உன் குரலாச்சே.

கோதண்டராமன்: ...

செண்பகம்: இன்னாய்யா? மிஷின் நின்னுபோச்சா?

கோதண்டராமன்: ஓடுது. நான்தான் பேசல.

செண்பகம்: ஓ. இனிமே அதுவும் உண்டு இல்ல... பேச முடிஞ்சும் பேசாம இருக்கறது. அது சரி, ஒண்ணு கேக்கணும். உன் தலைக்குள்ள வெச்சிருக்காங்களே, அது நீ மனசுல நெனைக்கிறத எல்லாம் வெளிய சொல்லிடுமா?

கோதண்டராமன்: இல்ல. பேசணும்னு நெனைச்சு... நாக்க அசைக்கப் பாத்தாதான். நாக்கு அசையாது. ஆனா மூளை அசைக்கச் சொல்லுது இல்ல... அதப் புடிச்சு கம்ப்யூட்டர் சொல்லுது.

செண்பகம்: அப்பாடா. எங்க, நீ மனசுல திட்டுறதெல்லாம் வந்துடுமோன்னு பாத்தேன்.

கோதண்டராமன்: அதுக்குத்தான் இப்ப வாய் இருக்குதே. ஆஃப்ரீன்னு சொன்ன இல்ல... அவகிட்ட நான் மன்னிப்பு கேட்டேனாமே.

செண்பகம்: கேட்டியே.

கோதண்டராமன்: எப்ப?

செண்பகம்: ரம்ஜானுக்கு ஷீர்குர்மா பாயசம் எடுத்துனு வந்தாளே, அப்ப. பாவம்யா அவ. நீ அவளத் திட்டிகினு இருக்கும்போதுதான் லைன்ல சாஞ்ச. உன் மூளையில ரத்தக்குழா அடச்சதுக்கு அவ இன்னா பண்ணுவா? ஆனா தன்னாலதான் சூப்பர்வைசரு விழுந்துட்டாருன்னு சோறு இறங்காம கெடந்தா. அதான், 'தப்பு என்னுதும்மா, நீ நல்லா தைக்கிறவதான்'னு நீ சொன்ன.

கோதண்டராமன்: நான் சொன்னது... ஃபேன கொஞ்சம் ஜாஸ்தி பண்ணு.

செண்பகம்: பண்ணேனே. அவளுக்கு பதிலையும் சொல்லிட்டு, ஃபேனையும் ஜாஸ்தி பண்ணேன். ரெண்டு வேலை.

கோதண்டராமன்: அந்த ஆஃப்ரீன் இப்ப லைன் லீடராம். அவ லைன்லதான் நீ தைக்கிறியாம்.

செண்பகம்: ஆமா. அதுக்கு இன்னா?

கோதண்டராமன்: நான் சூப்பர்வைசர் ஆன அன்னிக்கே... நீ வேலைக்குப் போகக் கூடாதுன்னு சொன்னவன்.

செண்பகம்: சொன்னவன்தான். அப்புறம் படுத்த எடத்துல நல்லா யோசிச்சுப் பாத்துட்டு, 'செண்பகம், உன் கைத்தொழில விட்டுடாத, போ'ன்னு சொன்னவனும் நீதான். தெருவுல எல்லாரும் கேட்டுகினு இருந்தாங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

கோதண்டராமன்: நீ சொன்னதுக்கு நீயே கலங்குன.

செண்பகம்: யாராச்சும் கலங்கணும் இல்ல?

கோதண்டராமன்: முன்னாடி என்னை 'வாங்க போங்க'ன்னு கூப்பிடுவ. இப்ப யோவ்ன்ற.

செண்பகம்: உன் பீ மூத்திரம் வாரும்போது அந்த 'ங்க'வும் சேந்து போயிருக்கும். வேணும்னா டாக்டரம்மா எதிர்ல போட்டுக்கிறேன்.

கோதண்டராமன்: போடு. இந்த டிவி... அது வேற இருக்குது.

செண்பகம்: டிவிக்கு இன்னா?

கோதண்டராமன்: எனக்கு கிரிக்கெட் வேணும்னு சொல்லுவேன். நீ... 'சீரியல் வைக்கச் சொல்றாரு'ன்னுவ. நாலு வருஷம் சீரியல்.

செண்பகம்: நீ ரசிச்சுதான் பாத்த.

கோதண்டராமன்: கண்ண மூடுனா அசதின்னு தூங்க வெச்சிடுவியே. தொறந்துதான் வெச்சிருக்கணும்.

செண்பகம்: சரி, அந்தப் பெரிய மருமக சொத்த எழுதிக் குடுத்தாளா இல்லியா, சொல்லு?

கோதண்டராமன்: குடுக்கல. அது டூப்ளிகேட் பத்திரம்... ச்சீ.

செண்பகம்: பாத்தியா.

கோதண்டராமன்: பேச்ச மாத்தாத. நவநீதன் கதைக்கு வா.

செண்பகம்: உன் தம்பிக்கு இன்னா?

கோதண்டராமன்: அம்மா காரியத்தன்னிக்கு... அவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணேன். மொட்ட அடிச்சுகினு, எல்லார் எதிர்லயும்.

செண்பகம்: நீ எங்க மிதிச்ச? அவன்தான் இங்க வர்றான். தெனம் காலைல உன்னத் தூக்கி நாற்காலியில வெச்சு, குளிப்பாட்டி, தல துவட்டிட்டு தோல் டேனரிக்கு வேலைக்கு ஓடுறான். உன் சத்தியம் ஒரு கீறல் இல்லாம அப்படியே இருக்குது.

கோதண்டராமன்: 'தம்பியக் கூப்பிடு, மனசு கேக்கல'ன்னு நான் சொன்னேன்னு... நீதான் சொல்லி அனுப்பிச்ச.

செண்பகம்: உன்னத் தூக்க எனக்கு இடுப்பு இல்லியா... அதான் உனக்குப் பாசம் வந்துச்சு.

கோதண்டராமன்: இன்னும் எத்தினி இருக்குது இந்த மாதிரி?

செண்பகம்: கொஞ்சமா நஞ்சமா? இந்தத் தெருவுல உன்னைப் பத்தி இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? கோதண்டராமன் வாயில நல்லது தவிர வேற வராதுன்னு.

கோதண்டராமன்: வாயே தொறக்க முடியாதவனப் பத்தி.

செண்பகம்: கல்யாணப் பத்திரிகை அடிச்சா மொதப் பத்திரிகை இங்கதான் வைக்கிறாங்க. புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா உன்கிட்ட வந்து நிக்கிறாங்க. உன் கண்ணப் பாத்துகினே அழறாங்க. நீ லைன்ல இருந்தப்ப, எதிர்ல வந்தா ஒதுங்கிப் போவாங்களே... அதே ஜனங்கதான்.

கோதண்டராமன்: அந்த ஆளு நான் இல்ல. நீ.

செண்பகம்: இருக்கட்டும். ஊருக்கு ஒரு நல்ல மனுஷன் கெடச்சான். பேரு உன்னுது.

கோதண்டராமன்: நானும் கேட்டுகினுதான் கெடந்தேன். சில நேரம்... பரவால்லியே, நல்லாத்தான் பேசுறேன்னு தோணும்.

செண்பகம்: இரு, ஃபோனு அடிக்குது... நவநீதன்தான். ஆங், சொல்லு நவநீதா. பிரியாணி சாப்ட்டாச்சா? டாக்டரம்மா காரமா இருக்குதுன்றாங்களா? வெங்காயம் கொஞ்சம் ஜாஸ்தி வாங்கிக் குடு... இன்னாது? அண்ணனா? முழிச்சுகினுதான் இருக்காரு. இரு கேக்கறேன்... யோவ், உன்கிட்ட பேசணும்ன்றான். ஸ்பீக்கர்கிட்ட வைக்கவா? பாத்துப் பேசு, இப்ப நான் நடுவுல நின்னு படிக்க முடியாது.

கோதண்டராமன்: வை... ந... நவநீதா. டாக்டருக்கு கத்திரிக்கா கேட்டு வாங்கிக் குடு. காரம் தெரியாது.

செண்பகம்: ...கட் பண்ணிட்டான்.

கோதண்டராமன்: ஏன்?

செண்பகம்: அழறான்னு நெனைக்கிறேன்.

கோதண்டராமன்: கத்திரிக்காவுக்கா?

செண்பகம்: உன் வாயால நவநீதான்னு கேட்டு எத்தினி வருஷம் ஆச்சு அவனுக்கு? நான் எத்தினி தரம் 'தம்பி, தம்பி'ன்னு படிச்சாலும் அது நான் படிச்சதுதானே... அவனுக்கும் உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கும்.

கோதண்டராமன்: திட்டலாம்னுதான் ஆரம்பிச்சேன்.

செண்பகம்: தெரியும். 'ந'வ இழுத்தியே, அப்பவே ஃபோன கட் பண்ணிடலாமான்னு பாத்தேன்.

கோதண்டராமன்: நீ எதுக்கும் பயப்பட மாட்டியே.

செண்பகம்: பயப்படாம? சாப்ட்டு முடிச்சா வந்துடுவாங்கய்யா அவங்க. போதும், நீ என்னை விசாரிச்சது. இப்ப நான் கேக்கறேன். டாக்டரம்மா வந்து கேமரா வெச்சு கேப்பாங்களே... இன்னா சொல்லப் போற?

கோதண்டராமன்: இன்னா கேப்பாங்க?

செண்பகம்: தெரியாத மாதிரி கேக்காத. தலையத் தொறந்து இத உள்ள வைக்க நீ சம்மதிச்சியான்னு கேப்பாங்க. 'அ' வரிசையா, 'க' வரிசையான்னு நான் ஒப்பிச்சு, நீ கண்ண சிமிட்டி, நான் படிச்சதத்தான் அன்னிக்கு உன் பதில்னு எடுத்துக்கினாங்க. இப்ப உனக்கே பேச்சு வந்துடுச்சு. உன் வாயால ஒரு தரம் கேட்டே ஆகணும்னு அவங்க ரூலு.

கோதண்டராமன்: மாத்திச் சொன்னா?

செண்பகம்: எடுத்துடுவாங்க.

கோதண்டராமன்: எடுத்துட்டா... மறுபடி நீ ஒப்பிக்கணும். உன் இஷ்டத்துக்குப் படிக்கலாம்.

செண்பகம்: படிப்பேன். எனக்கு இன்னா நஷ்டம்? எனக்கு அது சௌகரியம்தான். நந்தினிக்குக் கொழந்த பொறக்கப் போகுது. தாத்தா இன்னா பேரு வைக்கச் சொல்றாருன்னு வந்து நிப்பா. நல்ல பேரா ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன்.

கோதண்டராமன்: இன்னா பேரு?

செண்பகம்: சொல்ல மாட்டேன். நீ குறுக்க ஏதாச்சும் சொல்லித் தொலைவ.

கோதண்டராமன்: செண்பகம்.

செண்பகம்: இன்னா?

கோதண்டராமன்: அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் சொன்னத... நீ முழுசா கேட்ட இல்ல?

செண்பகம்: ஆபரேஷனுக்கு முன்னாடி கேட்டாங்களே, அதுவா?

கோதண்டராமன்: எப்பவும் பாதியிலயே நிறுத்திட்டு உன் கதைய ஆரம்பிச்சிடுவ. அன்னிக்கு நிறுத்தல. கடைசி எழுத்து வரைக்கும் ஒப்பிச்ச.

செண்பகம்: டாக்டரம்மா எதிர்ல நின்னாங்க. நிறுத்துனா சந்தேகம் வரும்.

கோதண்டராமன்: அப்புறம், 'சரின்றாரு டாக்டரம்மா'ன்ன. சிரிச்சுகினே.

செண்பகம்: சிரிக்கல. பல்லக் கடிச்சேன். உன் கண்ணுக்கு அது சிரிப்பா தெரிஞ்சிருக்கும்.

கோதண்டராமன்: இஷ்டம் இல்லன்னா கண்ண மூடிக்கோங்கன்னு அவங்க என்னைக் கேட்டாங்க. மூடிக்கினேன்.

செண்பகம்: அசதின்னேன்.

கோதண்டராமன்: மறுநாளும் வந்து கேட்டாங்க.

செண்பகம்: ஆங். அந்த மறுநாளுக்கு வா. அன்னிக்கு நீ மூடல. அவங்க மூணு தரம் கேட்டாங்க, மூணு தரமும் நல்லா தொறந்து வெச்சிருந்த. அது நான் படிச்சதில்ல. அதுக்கு இன்னா சொல்ற?

கோதண்டராமன்: ராத்திரி பூரா யோசிச்சேன். இவளத் திட்டணும். நாக்கப் புடுங்குற மாதிரி... வாயாலயே திட்டணும். அதுக்கு ஒரு வாய் வேணும்.

செண்பகம்: என்னைத் திட்டவா தலையத் தொறக்கக் குடுத்த?

கோதண்டராமன்: பின்ன?

செண்பகம்: அப்ப திட்டு. கதவு சாத்தித்தான் இருக்குது. யாரும் இல்ல. திட்டுய்யா.

கோதண்டராமன்: வரல.

செண்பகம்: ஏன்?

கோதண்டராமன்: ஆஸ்பத்திரில மாசக் கணக்கா... தண்ணி, நன்றி, வணக்கம்னே பழக்கிட்டாங்க. கெட்ட வார்த்தை ஒண்ணுகூட பழகிக்கல.

செண்பகம்: செருப்பு மட்டும் எப்படி வந்துச்சு?

கோதண்டராமன்: அத நானே தனியா பிராக்டீஸ் பண்ணேன்.

செண்பகம்: ஐயோ... உன்னோட பேஜாருய்யா.

கோதண்டராமன்: செண்பகம். ஏன் அப்படிப் படிச்ச? மத்தது எல்லாம் எனக்குப் புரியுது. பொண்ணுக்காக, இடுப்புக்காக, வேலைக்காக. இதுல உனக்கு நஷ்டம்தான். நான் பேச ஆரம்பிச்சா... உன் பேச்சு எல்லாம் பொய்யுன்னு ஆயிடும்னு தெரியாதா?

செண்பகம்: தெரியாம இன்னா?

கோதண்டராமன்: பின்ன ஏன்?

செண்பகம்: நீ சொன்னத என் வாயால சொல்ல முடியல. வேற எத வேணா படிப்பேன்யா. அடுத்த வீட்டுப் புள்ளையா இருந்தா செருப்பால அடிப்பேன்றதக்கூட படிச்சிருப்பேன். அது மட்டும் முடியாது. அத நான் ஒரு தரம் சத்தமா சொல்லிட்டா, அப்புறம் அது நான் சொன்னதா ஆயிடும். அதான்... அதச் சொல்லணும்னா அவரே சொல்லட்டும், அவரு வாயால சொல்லட்டும்னு நெனைச்சேன். அதுக்கோசரம்தான் உனக்கு ஒரு வாய் வரணும்னு நின்னேன்.

கோதண்டராமன்: அப்ப இன்னிக்கு சொல்லலாமா?

செண்பகம்: சொல்லு. உன் வாயி. டாக்டரம்மா கேக்கும்போது சொல்லு. நான் அடுப்பங்கரையில இருக்கேன்.

கோதண்டராமன்: ஏன்?

செண்பகம்: பால் பொங்கிடும்.

கோதண்டராமன்: பாலே வைக்கலியே.

செண்பகம்: வைப்பேன்.

கோதண்டராமன்: இங்கயே நில்லு.

செண்பகம்: இரு, கார் சத்தம். வந்துட்டாங்க. இந்தா, வாய்ப்பக்கம் ஒழுவுது, துடைக்கிறேன். அவ்ளோதான். சட்டைய இழுத்து விடறேன்... வாங்க டாக்டரம்மா, வாங்க. சாப்பாடு சேந்துச்சா?

சௌமியா: ஜாஸ்தியாவே ஆயிடுச்சும்மா. உங்க கொழுந்தனார் தட்டுல போட்டுக்கிட்டே இருந்தார், கண்ணு வேற கலங்கிக் கலங்கி. காரம் போலன்னு விட்டுட்டேன். கோபியும் அவரும் வெளியவே இருக்கட்டும். கதவச் சாத்திக்கிறேன். எப்படி இருக்கீங்க கோதண்டராமன்? ரெண்டு பேரும் நல்லாப் பேசிக்கிட்டீங்களா?

செண்பகம்: இன்னா பேச்சு... பழைய கதைதான் பேசிகினு இருந்தோம். இவரு எப்பவும் கம்மியாத்தான் பேசுவாருங்க.

சௌமியா: செண்பகம் அம்மா, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு மட்டும் அவருக்காக நீங்க பதில் சொல்லக் கூடாது.

செண்பகம்: சரிங்க. நான் பால் வைக்கப் போறேன்.

கோதண்டராமன்: அவ இருக்கட்டும் டாக்டர்.

சௌமியா: இருக்கட்டும். கேமராவப் போட்டுட்டேன். கோதண்டராமன், கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். உங்களுக்கு இது வேண்டாம்னா தாராளமா சொல்லலாம். யாரும் வருத்தப்பட மாட்டோம். பத்திரமா எடுத்துட்டு, பழையபடி உங்களப் பாத்துக்குவோம். புரியுதா?

கோதண்டராமன்: புரியுது.

சௌமியா: ஆபரேஷனுக்கு முன்னாடி நான் உங்களக் கேட்டேன். நீங்க கண்ணால சொன்னத உங்க மனைவி 'சரி'ன்னு படிச்சாங்க. அன்னிக்கு நீங்க சொன்னது அதுதானா?

கோதண்டராமன்: இல்ல.

சௌமியா: ...இல்லியா?

செண்பகம்: டாக்டரம்மா, அவரு...

சௌமியா: அம்மா, ப்ளீஸ். அவர் பேசட்டும். அவசரம் இல்ல கோதண்டராமன், நிதானமா சொல்லுங்க. அன்னிக்கு நீங்க சொன்னது என்ன?

கோதண்டராமன்: 'போதும்டி செண்பகம்... என்னைச் சாக விடு'ன்னு சொன்னேன். அவ அத 'சரி'ன்னு படிச்சா. ஆனா தப்பாப் படிச்சான்னு எழுதிடாதீங்க டாக்டர்... ரொம்ப முன்னாடியே படிச்சிட்டா, அவ்ளோதான். நான் இன்னிக்குத்தான் அங்க வந்து சேர்றேன். சரி. இது என் தலையிலயே இருக்கட்டும்.